பட்ட மரத்தில் வெண்கூந்தல்



நடு ஐரோப்பாவின் காடுகளில், குளிர்காலத்து விடியற்பொழுதில் நடந்து செல்வோர் சில வேளைகளில் ஒரு வியப்பைக் காண்பர். முன்னாளில் பெய்த மழையால் காடு நனைந்திருக்கும். காற்று அசையாது. குளிர் நீரின் உறைநிலைக்குச் சற்றே கீழிறங்கியிருக்கும். நிலமெங்கும் பழுப்பேறிய சருகு பரந்து கிடக்க, அச்சருகின்மேல் வீழ்ந்து கிடக்கும் பட்ட கிளையொன்றில் மட்டும் தூவெள்ளை நிறத்தில் ஒரு கூந்தல் முளைத்திருக்கும். மூதாட்டியொருத்தியின் நரைத்த கூந்தலை எண்ணெயிட்டு வாரி, வகிடெடுத்து, இருமருங்கும் வழியவிட்டாற் போன்ற தோற்றம், இலவம் பஞ்சின் மென்மை, பட்டின் ஒளி. கைவிரலால் தொட்டால் அக்கணமே நீராகிப் போகும். ஏனெனில், அது மயிருமன்று, பஞ்சுமன்று, உறைந்த நீர்.

செருமானியர் அதற்கு இட்ட பெயர் 'ஆர்ஐசு' என்பது. 'ஆர்' என்றால் மயிர். 'ஐசு' என்றால் பனிக்கட்டி. உழவனும் ஆடு மேய்ப்பவனும் கேட்ட அளவிலேயே பொருள் உணரத்தக்க பெயர். அதனையே தமிழில் 'பனிமயிர்' எனலாம்.

இதன் இயல்புகளைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஒவ்வோர் இழையும் ஏறத்தாழ 0.01 மில்லிமீட்டர் தடிப்பே உடையது. மாந்தர் தலைமயிரினும் பன்மடங்கு மெல்லியது. நீளமோ சில செண்டிமீட்டர் தொடங்கி, ஒரோவழி 20 செண்டிமீட்டர் வரையும் போகும். நீட்டிப் பிடித்த நூல்போல் அடி முதல் நுனி வரை ஒரே தடிப்பு, கிளை பிரிவதில்லை. பெரும்பாலும் வடக்கு 45 பாகைக்கும் 55 பாகைக்கும் இடைப்பட்ட நிலப்பகுதிகளிலேயே இது காணப்படுகின்றது. அங்கும் ஊசியிலை மரங்களில் தோன்றுவதில்லை. ஓக்கு, பீச்சு, ஆல்டர் போன்ற அகன்ற இலை மரங்களின் பட்ட கிளைகளில்தான் தோன்றும். அக்கிளையிலும் பட்டை ஒட்டியிருக்கும் இடத்தில் தோன்றாது. பட்டை உரிந்து உள்மரம் வெளிப்பட்ட இடத்தில் மட்டுமே தோன்றும். அருகருகே ஒரே ஈரத்தில், ஒரே குளிரில் பத்துக் கிளைகள் கிடந்தால், ஒன்றில் கூந்தல் வளர்ந்திருக்கும். ஏனை ஒன்பதில் ஒன்றுமிராது.

ஈண்டுத்தான் வினா எழுகின்றது. குளிர் பத்துக் கிளைக்கும் ஒன்றே, ஈரமும் ஒன்றே. அங்ஙனமாயின், அவ்வொரு கிளைக்கு மட்டும் கூந்தல் வாய்த்தது எங்ஙனம்?

இவ்வினாவிற்கு விடையை நோக்கி முதலடி எடுத்து வைத்தவர் ஆல்பிரெடு வேகனர் என்னும் செருமானிய அறிஞர். உலகின் பெருநிலங்கள் யாவும் பண்டு ஒன்றாய்க் கிடந்து, பின்னர்ப் பிளவுண்டு பெயர்ந்தன என்று 1912-ஆம் ஆண்டில் அறிவித்தவரும், 1915-இல் அதனையே நூலாக வெளியிட்டவரும் அவரே. வானநூல் பயின்று, வானிலை ஆய்வில் ஈடுபட்டு, 1906-இல் தம் உடன்பிறந்தாருடன் வளிக்கூண்டில் 52 மணிநேரம் தொடர்ந்து வானில் மிதந்தவர். முதல் உலகப் போரில் படைக்கழைக்கப்பட்டு, 1914-இல் இருமுறை காயமுற்று, அதன்பின் படையின் வானிலைப் பணிக்கு மாற்றப்பட்டவர். அப்போர் முடிவுற்ற 1918-ஆம் ஆண்டில், உளுத்த மரத்தின்மேல் தோன்றும் பனிமயிரைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்.

நிலவுலகின் பெருநிலங்களையே பெயர்த்துப் பார்த்த அறிவு, காட்டில் கிடக்கும் ஒரு சுள்ளியைக் குனிந்து பார்த்தது என்பதே எண்ணத்தக்கது. அவ்வாறு குனிந்தவர் கண்டது யாது? எல்லாரும் வெண்கூந்தலின் எழிலை நோக்கி நின்றனர். அவரோ அக்கூந்தல் முளைத்த இடத்தை நோக்கினார். மரத்தின் மேற்பரப்பில் சிலந்தி நூல்போல் வெண்மையான பூஞ்சை இழைகள் படர்ந்திருந்தன. பனிமயிர் தோன்றுதற்கு அப்பூஞ்சையே கரணியமாதல் வேண்டும் என்று அவர் கருதினார்.

அஃது ஒரு கருத்தேயன்றி நிறுவப்பெற்ற உண்மையன்று. எந்தப் பூஞ்சை என்று அவர் காட்டவில்லை. எவ்வகையால் அது பனிக்கு மயிருருக் கொடுக்கின்றது என்பதையும் விளக்கவில்லை. எனவே அக்கருத்து பெரும்பாலும் கேட்பாரற்றுக் கிடந்தது. நிலப்பெயர்ச்சிக் கொள்கைக்கேனும் எள்ளி நகையாடுவோர் பலர் இருந்தனர். எள்ளுதலும் ஒருவகையில் கவனிப்பே. பனிமயிர்க் கருத்துக்கு அதுவும் வாய்க்கவில்லை. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் உருண்டன.

அவ்வினாவை மீண்டும் கையிலெடுத்தவர் கெர்ஆர்ட்டு வாக்னர் என்னும் சுவிட்சர்லாந்துப் பேராசிரியர். செடிநூல் வல்லவர், சுவிட்சர்லாந்தின் செடிகொடிகளைத் தொகுத்துரைக்கும் பெருநூலின் ஆசிரியர் இருவருள் ஒருவர். பணி ஓய்வு பெற்ற பின்னும் இப்பனிமயிரை விடாது ஆய்ந்தவர். ஓய்வென்பது பணியிலிருந்தேயன்றி அறிவிலிருந்தன்று என்பதற்கு அவர் ஒரு சான்று.

அவர் மேற்கொண்ட ஆய்வு மிக எளியது. தொடக்கப்பள்ளி மாணவனுக்கும் விளங்கத்தக்கது. பனிமயிர் முளைக்கும் இயல்புடைய மரத்துண்டை நனைத்துக் குளிரில் வைத்தால், அது மீண்டும் மீண்டும் பனிமயிரைத் தோற்றுவிக்கும். அத்தகைய துண்டை எடுத்து வெந்நீரில் அமிழ்த்தினார். அல்லது பூஞ்சைக்கொல்லி இட்டார். பின்னர் முன்போலவே குளிரில் வைத்தார். மரம் அதே மரம். நீர் அதே நீர். குளிர் அதே குளிர். ஆனால், கூந்தல் முளைக்கவில்லை. மாறியது ஒன்றே ஒன்று: மரத்தினுள் இருந்த உயிர் அடங்கிப் போயிற்று. ஆகவே, கூந்தலை வளர்த்தது குளிர் மட்டுமன்று, நீர் மட்டுமன்று. மரத்தினுள் வாழ்ந்த ஏதோ ஓர் உயிரும் என்பது உறுதியாயிற்று. பெர்ன் பல்கலைக்கழகத்து இயற்பியலறிஞர் கிறித்தியன் மேட்சிலரும் அவரும் இணைந்து 2008-இல் இச்செய்திகளை வெளியிட்டனர்.

ஆயினும், அவ்வுயிர் எது? உளுத்த கிளையொன்றில் வாழும் பூஞ்சை ஒன்றிரண்டல்ல. ஒரே கிளையில் பலவகை குடியிருக்கும். அவற்றுள் தச்சன் யார், தங்க வந்தவன் யார் என்று பிரித்தறிதல் வேண்டும். இப்பணியை மேற்கொண்டவர் கிசேலா பிராய்சு என்னும் உயிரியல் அறிஞர். 2012, 2013, 2014 ஆகிய மூன்று ஆண்டுகளின் குளிர்காலங்களில், மேற்குச் செருமனியில் பிராக்குபாக்கு என்னும் ஊரை அடுத்த காடுகளிலிருந்து பனிமயிர் முளைத்த மரத்துண்டுகளைத் தொகுத்து, அவற்றை நுண்ணோக்கியால் ஆய்ந்தார். ஆயப்பெற்ற துண்டுகள் 78. அவற்றில் காணப்பட்ட பூஞ்சை வகைகள் 11. அப்பதினொன்றனுள் ஒன்றே ஒன்று 78 துண்டுகளிலும் தவறாது இருந்தது. பாதிக்கு மேற்பட்ட துண்டுகளில் அது மட்டுமே இருந்தது, பிறிதொன்றும் இல்லை.

அதன் அறிவியற் பெயர் 'எக்சிடியாப்சிசு எஃபூசா' என்பது.

அவையோரே! தொண்ணூறாண்டுக்கு மேல் முகம் காட்டாதிருந்த அத்தச்சன், நேரில் கண்டால் மதிக்கத்தக்க தோற்றமுடையவனல்லன். காளான் என்றவுடன் குடை விரித்து நிற்கும் ஒன்றே பலர் நினைவில் வரும். இதற்குக் குடையில்லை; காம்பில்லை. பாலின்மேல் படியும் ஏடுபோல், பட்ட மரத்தின்மேல் மெல்லியதாகப் பரவி ஒட்டிக் கிடக்கும். இவ்வாறு அடியோடு ஒட்டிப் படர்வனவற்றைப் பொருக்குக் காளான் என்பது பொருந்தும். ஈரமுற்ற போது மெழுகு பூசினாற் போன்று சாம்பல் கலந்த வெண்மையாய்த் தோன்றும். காய்ந்துவிட்டால் இருப்பதே தெரியாது. மரத்தில் காது வடிவில் முளைக்கும் காளான் ஒன்றுண்டு. அதன் பேரினத்துக்கு உறவு முறையுடையது இது. ஆனால் அக்காளானுக்குள்ள உருவெடுப்பு இதற்கில்லை. காட்டில் நடப்போர் பல்லாயிரவர் இதனைக் கடந்து போயிருப்பர்; கண்டவர் சிலர்; கண்டும் பொருட்படுத்தியவர் மிகச் சிலர்.

இதன் தொழில் மரத்தை மட்கச் செய்தல். மரத்தின் நார்களைப் பிணைத்து, அதனை நிமிர்ந்து நிற்கச் செய்வது 'இலிக்னின்' என்னும் பொருள். செங்கற்களை இறுக்கிப் பிடிக்கும் சுண்ணச் சாந்து போன்றது அது. எளிதிற் சிதையாதது, பெரும்பாலான உயிர்களால் தின்று செரிக்கப்படாதது. அத்தகைய இலிக்னினையும் சிதைத்துப் பிரிக்க வல்லவை வெண்மட்கல் செய்யும் காளான்கள். அவை மட்டும் இல்லையாயின், வீழ்ந்த மரமெல்லாம் வீழ்ந்தபடியே குவிந்து கிடக்கும், மரத்தினுள் அடைபட்ட உரமெல்லாம் மண்ணுக்குத் திரும்பாது, மண் வறுமையுறும், புதுக்கன்று தழைக்காது. பட்ட மரத்தைப் பிரித்து, அடுத்த மரத்துக்கு உணவாக்கும் பணியை இப்பொருக்குக் காளானும் அதன் சுற்றமும் ஓசையின்றிச் செய்து வருகின்றன.

இனி, மட்கச் செய்யும் பூஞ்சை மயிர் வளர்ப்பது எவ்வாறு என்று காண்போர்க்கு, இரண்டு வேலைகள் இதனுள் அடங்கியிருத்தல் புலனாகும்.

முதல் வேலை, நீரை வெளிக்கொணர்தல். நனைந்த மரத்தின் மேற்பரப்பிலுள்ள நீர், குளிர்க்காற்றுப் பட்டு முதலில் உறைகின்றது. அவ்வாறு உறைந்த பனிக்கும் மரத்துக்கும் இடையே மிக மெல்லிய நீரேடு ஒன்று உறையாமல் எஞ்சி நிற்கும். அவ்விடத்தில் மூலக்கூறுகளுக்கிடையே தோன்றும் விசையால் ஓர் உறிஞ்சல் உண்டாகி, மரத்தின் நுண்புழைகளில் உள்ள நீரைப் பனியை நோக்கி இழுக்கும். வந்த நீர் அடியில் உறைய, முன்பு உறைந்தது வெளியே தள்ளப்படும். மயிர் வளர்வது நுனியிலன்று, அடியில் என்பதே இதன் பொருள். மாந்தர் மயிரும் அவ்வாறே வளர்வது எண்ணி மகிழத்தக்க ஒப்புமை. குளிர்நாடுகளில் நிலத்தினுள் நீர் உறைந்து மண்ணையும் சாலையையும் மேலே உந்தித் தூக்குவதும் இவ்வகை விசையாலேயே. இவ்வேலைக்குப் பூஞ்சை வேண்டுவதில்லை. பூஞ்சை அடங்கிப்போன மரத்திலும் அதே அளவு பனி வெளிவரவே செய்கின்றது. ஆனால் அங்கு அது கூந்தலாக அன்றி, உருவற்ற பனிப்பொருக்காகவே மரத்தில் படிகின்றது.

இரண்டாவது வேலை, உருக்கொடுத்தல். மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிக் கதிர்போல் ஓடும் நுண்ணிய வரிசைகள் உண்டு, மரக்கதிர்கள் எனப்படும். அவற்றின் வாயிலிருந்தே ஒவ்வோர் இழையும் வெளிப்படுகின்றது. ஆனால் மெல்லிய பனியிழை நெடும்பொழுது மெல்லியதாகவே நிற்கும் இயல்புடையதன்று. உறைநிலையை ஒட்டிய குளிரில் சிறு பனிப்பளிங்குகள் ஒன்றோடொன்று கூடிப் பெரும் பளிங்குகளாக மாறிவிடும். பனிக்கூழைப் பல நாள் குளிர்பெட்டியில் வைத்தெடுத்தால், மென்மை கெட்டு நறநறவென்று பற்களில் படுவது இதனால்தான். பனிமயிரில் மட்டும் இது நிகழாமல் தடுக்கப்படுகின்றது. தடுப்பது எது?

செருமனியின் யூலிக்கு ஆய்வு நடுவத்தைச் சேர்ந்த வேதியலறிஞர் தியானா ஓஃப்மன், பனிமயிரை உருக்கிய நீரை ஆய்ந்தார். அதில் இலிக்னினின் சிதைவுத் துண்டுகளும், மரத்தின் துவர்ப்புப் பொருளாகிய தானினின் சிதைவுத் துண்டுகளும் இருந்தன. பூஞ்சை தன் உணவுக்காக மரத்தைச் சிதைத்த போது எஞ்சிய எச்சில்கள் அவை. நீரோடு கலந்து வெளிவரும் அவ்வெச்சில்களே, சிறு பளிங்குகள் கூடிப் பெருக்காதபடி தடுக்கின்றன என்று அறிஞர் கருதுகின்றனர். அதனால்தான் அவ்வளவு மெல்லிய இழை உருக்கெடாமல் பல மணிநேரமும், சிலபோது சில நாள்களும் நிலைத்து நிற்கின்றது.

இயற்பியல், உயிரியல், வேதியல் ஆகிய முத்துறையையும் சேர்ந்த மேட்சிலர், பிராய்சு, ஓஃப்மன் ஆகிய மூவரும் தம் முடிவுகளை ஒருங்கிணைத்து 2015-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வேகனர் 1918-இல் விடுத்துச் சென்ற கருத்து 97 ஆண்டுகளுக்குப் பின் நிறுவப்பெற்றது. மூவருள் ஒருவர் குறைந்திருப்பினும் விடை முழுமையாகியிராது. நீர் ஏன் வெளிவருகின்றது என்பதை இயற்பியல் கூறிற்று. யார் குடியிருக்கின்றார் என்பதை உயிரியல் கூறிற்று. அக்குடியிருப்பாளர் விட்டுச் சென்றது யாது என்பதை வேதியல் கூறிற்று.

இதிலிருந்து பெறத்தக்க உண்மைகள் சில உண்டு.

ஒன்று: கண்ணைக் கவர்வதே கரணியமாகிவிடாது. கூந்தல் வெண்மையானது, புகழ் அதற்கே போயிற்று. அதற்கு உருவளித்ததோ, உளுத்த மரத்தில் ஒட்டிக்கிடக்கும் பொருக்கு. உலகியலிலும் இவ்வாறே. மேலே தெரிவதைப் பாராட்டி மாலையிடுவோர், கீழே கிடந்து உழைத்ததைக் குனிந்து பார்ப்பதில்லை. குனிந்து பார்த்தவனே உண்மையைக் கண்டான் என்பதைப் பனிமயிர் காட்டுகின்றது.

இரண்டு: கருத்து வேறு, நிறுவிய உண்மை வேறு. வேகனர் போன்ற பேரறிஞர் கூறினார் என்பதற்காக அக்கருத்து உண்மையாகிவிடவில்லை. கேட்பாரற்றுக் கிடந்தது என்பதற்காகப் பொய்யாகியும் விடவில்லை. ஒரு மரத்துண்டும் ஒரு கலம் வெந்நீரும் பொறுமையுள்ள ஒரு முதியவரும் சேர்ந்தபோதுதான் அது மெய்யாகத் தொடங்கியது. அப்போதும் வேகனர் கருதியதற்கு ஒரு வரையறை விதிக்கப்பட்டது. பனியை வெளிக்கொணர்வது பூஞ்சையன்று. அதனை மயிராக்கி நிறுத்துவதே பூஞ்சை. பெரியோர் சொல்லைப் போற்றும் முறை, அதனை மனப்பாடம் செய்வதன்று; ஆய்ந்து, கொள்வன கொண்டு, திருத்துவன திருத்துவதே.

மூன்று: பட்டது என்று தள்ளத்தக்கது காட்டில் ஒன்றுமில்லை. காட்டைத் துப்புரவு செய்வதாக எண்ணி, வீழ்ந்த கிளையையும் உளுத்த கட்டையையும் பொறுக்கி எரிக்கும் வழக்கம் ஐரோப்பாவில் நெடுங்காலம் இருந்தது. பட்ட மரத்தை நம்பி வாழும் வண்டினமும் பறவையினமும் காளானினமும் அதனால் நலிந்தன. அதனை உணர்ந்த பின்னரே, வீழ்ந்த மரம் வீழ்ந்த இடத்திலேயே கிடக்கட்டும் எனக் காட்டுக் காவலர் பல இடங்களில் விடலாயினர். சுள்ளி பொறுக்கப்பட்டுவிட்ட காட்டில் பொருக்குக் காளானும் இல்லை, பனிமயிரும் இல்லை, நாளைய மரத்துக்கு உரமும் இல்லை. துப்புரவாகத் தோன்றும் காடு உண்மையில் பட்டினி கிடக்கும் காடு.

வேகனருக்கு இவ்விடை தெரியாது. 1930-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள், கிரீன்லாந்தின் பனிப்பரப்பு நடுவே அமைந்த ஆய்விடத்தில் அவருக்கு 50 அகவை நிறைந்தது. அங்கிருந்த தோழர்க்கு உணவுப் பொருள்களைக் கொண்டு சேர்க்கவே அவ்வளவு தொலைவு வந்திருந்தார். அன்றே இராசுமசு வில்லும்சன் என்னும் கிரீன்லாந்து இளைஞருடன் மேலைக் கரையை நோக்கித் திரும்பினார். இருவரும் கரை சேரவில்லை. 1931-ஆம் ஆண்டு மே மாதத்தில், பனியினுள் நன்முறையில் புதைக்கப்பட்டு, பனிச்சறுக்குக் கட்டைகளால் அடையாளமிடப்பட்ட நிலையில் வேகனரின் உடல் கண்டெடுக்கப்பட்டது. புதைத்து அடையாளமிட்ட அவ்விளைஞர் என்னவானார் என்பது இன்றுவரை அறியப்படவில்லை. அவர் உடலும் கிட்டவில்லை.

பெருநிலங்கள் பெயர்ந்தன என்று அவர் கூறியதை 1960-களில் கடலடி ஆய்வுகள் மெய்ப்பித்தன. சுள்ளியில் முளைத்த கூந்தலைப் பற்றி அவர் கூறியதை 2015-இல் மூவர் மெய்ப்பித்தனர். பெரியதொன்றும் சிறியதொன்றுமாக இரண்டு வினாக்களை விட்டுச் சென்றவர், ஒன்றற்கேனும் விடை கண்டு மகிழவில்லை. ஆயினும் வினா பட்டுப்போகவில்லை. மரத்தினுள் படர்ந்த இழைபோல், பார்வைக்குத் தெரியாமல் கிடந்து, உரிய ஈரமும் உரிய குளிரும் வாய்த்தபோது வெளிப்பட்டது.

எனவே அவையோரே, வழியில் கிடக்கும் உளுத்த கட்டையைக் காலால் எற்றுமுன் ஒருமுறை குனிந்து நோக்குக! விடையை இன்றே காணல் அரிதாயினும், வினாவையேனும் அடுத்த தலைமுறைக்குக் கையளித்தல் ஆகும்.